வீட்டில் மழைநீர்ப் பீப்பாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரையில் விழும் மழையை ஒரு பீப்பாயில் பிடித்துச் செடிகளுக்கும் கழுவுவதற்கும் பயன்படுத்துவது எளிய வேலை. ஒரு நாளில் அமைத்துவிடலாம். ஆனால் அமைத்த பலரும் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். கொசு, நாற்றம், சுவரோரம் தேங்கும் ஈரம் என்று காரணங்கள் சொல்வார்கள். இவை மூன்றையும் முன்கூட்டியே தடுக்க முடியும் என்பதால்தான், கேள்விகளுக்கு இவ்வளவு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கூரையிலிருந்து எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். சாய்கூரையாக இருந்தால் சரிவின் நீளத்தை அளக்க வேண்டாம். மேலிருந்து பார்க்கும்போது கூரை தரையில் எவ்வளவு இடத்தை மூடுகிறதோ அதுதான் பரப்பு. நனைவதிலும் தெறிப்பதிலும் ஆவியாவதிலும் கொஞ்சம் போய்விடும். ஓடு, கான்கிரீட், தகரம் போன்ற கெட்டியான கூரைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

50 சதுர மீட்டர் கூரையை எடுத்துக்கொள்வோம். 10 மில்லிமீட்டர் மழைக்கு 500 லிட்டர் விழும், 400 லிட்டர் வந்து சேரும். அதாவது 5 மில்லிமீட்டர் மழையிலேயே ஒரு 200 லிட்டர் பீப்பாய் நிறைந்துவிடும். வலுத்த மழையில் இது பத்து நிமிடத்தில் நடக்கும். அதற்குப் பிறகும் மழை பெய்துகொண்டேதான் இருக்கும். நிறைந்த பிறகு வருகிற தண்ணீருக்கு எங்கே வழி? பீப்பாய் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலானவர்கள் சுவர் ஈரமான பிறகு கேட்கிறார்கள்.

இன்னொன்று. ஒரு கூரைக்கு இரண்டு மூன்று இறக்கக் குழாய்கள் இருந்தால், நீங்கள் பீப்பாய் வைக்கும் குழாய்க்கு எந்தப் பகுதித் தண்ணீர் வருகிறதோ அந்தப் பகுதியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

அப்படியானால் ஒரே ஒரு பீப்பாயால் என்ன பயன்?

நிறையவே உண்டு, தண்ணீரைச் செலவழித்துக்கொண்டே இருந்தால். மழை விட்டுவிட்டுப் பெய்யும் காலத்தில் ஒரே பீப்பாய் பலமுறை நிறைந்து காலியாகும். "கோடைக்கு இருக்கட்டும்" என்று நிறைத்து வைத்துவிட்டுத் தொடாமல் இருந்தால், அடுத்த மழையில் ஒரு சொட்டுகூட அதில் சேராது, எல்லாம் வழிந்தோடிவிடும். தேங்கிக் கிடக்கும் தண்ணீர்தான் கெடவும் செய்யும். கோடை முழுவதற்கும் சேமிக்க வேண்டுமானால் அதற்குப் பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். பீப்பாய் அந்த வேலைக்கானது அல்ல.

எந்தப் பீப்பாயை வாங்கலாம்?

உணவுப் பொருள் வந்த, கெட்டியான பிளாஸ்டிக் டிரம் நல்லது. எச்.டி.பி.இ. என்ற வகைப் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டிருக்கும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கும். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையைத்தான் சொல்லும், முன்பு உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. பழைய டிரம்மாக இருந்தால் அதில் என்ன வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். பூச்சிமருந்து, அமிலம், எண்ணெய், பெயின்ட் வந்த டிரம் என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஊறிய ரசாயனம் கழுவினால் முழுதாகப் போகாது. மூடியைத் திறந்து மோந்து பார்த்துக் காரமான வாடை அடித்தாலும் விட்டுவிடுங்கள்.

ஒளி ஊடுருவாத நிறமாக இருக்க வேண்டும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே வெளிச்சம் தெரியக் கூடாது. வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். வெள்ளை டிரம்தான் கிடைத்தது என்றால் வெளிப்புறம் அடர்நிற வண்ணம் அடித்து நிழலில் வையுங்கள்.

முழுவதும் திறக்கும் மூடியும் இறுக்கும் வளையமும் உள்ளதா, மேலே இரண்டு சிறு துளைகள் மட்டும் உள்ள மூடிய டிரம்மா? முதல் வகையையே வாங்குங்கள். உள்ளே கை விட்டுத் தேய்க்க முடியாத பாத்திரத்தை நாளடைவில் யாரும் கழுவுவதில்லை.

எங்கே, எதன் மேல் வைப்பது?

200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ எடை. மழையில் ஊறி இளகிய மண்ணில் இவ்வளவு எடை ஒரு பக்கமாக அமிழ்ந்தால் பீப்பாய் சாயும். சாயும்போது அருகில் குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் ஜல்லியோ தரைக்கல்லோ பரப்பி, அதற்கு மேல் கான்கிரீட் பிளாக்குகளை அடுக்குங்கள். ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். பீப்பாயின் அடிப்பகுதி முழுவதும் மேடையில் பதிய வேண்டும். விளிம்பு மட்டும் தாங்கி நடுப்பகுதி அந்தரத்தில் நின்றால் நாளடைவில் அடிப்பகுதி தொய்ந்து விரிசல் விடும்.

மேடை 40 முதல் 60 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் குழாய்க்குக் கீழே வாளியோ பூவாளியோ வைத்துப் பிடிக்கலாம். அதற்கு மேல் உயர்த்துவதாக இருந்தால் இரும்புச் சட்டம் அடித்து, பீப்பாயைச் சுவரோடு பட்டையால் கட்டிவிடுங்கள். மேடைக்கும் சுவருக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விட்டால் பின்பக்கம் கசிகிறதா என்று பார்க்க வசதியாக இருக்கும்.

மாடியிலோ பால்கனியிலோ வைக்கலாமா?

கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கு ஓரிடத்தில் குவியும் 200 கிலோ பெரிய பாரம்.

குழாயை எப்படிப் பொருத்துவது?

அடியிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் மேலே துளை வரட்டும். அதற்குக் கீழே வண்டல் படிந்து கிடக்கும்; துளை மிகத் தாழ்வாக இருந்தால் வண்டலும் சேர்ந்து வந்து குழாயை அடைத்துவிடும். டிரில் எந்திரத்தில் வட்ட ரம்பத்தைப் பொருத்தித் துளையிடுங்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டால் விளிம்பு உருகிக் கோணலாகிவிடும், பிறகு எந்த வாஷரும் உட்காராது. துளையிட்டதும் விளிம்பில் நிற்கும் பிசிறுகளைக் கத்தியால் சீவி விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சிறு பிசிறு வாஷருக்கு அடியில் சிக்கினாலும் சொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

தொட்டிக்கென்றே விற்கும் இணைப்பு ஒன்று உண்டு. திருகு மரை கொண்ட குட்டைக் குழாய், ஒரு நட்டு, ரப்பர் வாஷர் எல்லாம் சேர்ந்தே வரும். குழாயை உள்ளிருந்து வெளியே நுழைத்து, வெளிப்பக்கம் நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். ரப்பர் வாஷர் பீப்பாயின் உட்சுவரை ஒட்டி இருக்கட்டும். மரைகளில் டெஃப்லான் டேப்பைத் திருகும் திசையிலேயே நான்கைந்து சுற்று சுற்றுங்கள். கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்று போதும். அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் பிதுங்கிவிடும். பிறகு துளைக்கு மேல் வரை தண்ணீர் ஊற்றி, உலர்ந்த காகிதத்தை இணைப்பைச் சுற்றி ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காகிதம் காட்டிக்கொடுக்கும்.

முதல் மழைத் தண்ணீரை விட்டுவிட வேண்டுமா?

ஆம். வறண்ட நாட்களில் கூரையில் சேர்ந்த தூசி, பறவை எச்சம், சருகு எல்லாம் முதலில் வருகிற தண்ணீரோடு இறங்கிவிடும். அதை விலக்கிவிட்டால் பிற்பாடு வண்டலும் நாற்றமும் வெகுவாகக் குறையும்.

மழை தொடங்கியதும் கையால் குழாயைத் திருப்பிவிடலாம், நீங்கள் வீட்டில் இருந்தால். தானாக நடக்க வேண்டுமென்றால், இறக்கக் குழாயில் 'டீ' எனப்படும் T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, அதிலிருந்து கீழ்நோக்கி அடிமூடிய குழாய் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். அழுக்குத் தண்ணீர் முதலில் அதற்குள் இறங்கும். அது நிறைந்ததும் உள்ளே மிதக்கும் பந்து மேலே வந்து வாயை அடைத்துக்கொள்ளும். பிறகு வருவது பீப்பாய்க்குப் போகும். கூரையின் முதல் அரை மில்லிமீட்டர் மழையையாவது அது கொள்ள வேண்டும். 50 சதுர மீட்டருக்கு அது 25 லிட்டர். உள்விட்டம் 15 சென்டிமீட்டர் உள்ள குழாய் மீட்டருக்கு 17 லிட்டருக்கு மேல் பிடிக்கும் என்பதால் ஒன்றரை மீட்டர் நீளம் போதும். 10 சென்டிமீட்டர் குழாய் என்றால் 3 மீட்டருக்கு மேல் வேண்டியிருக்கும்.

அடிமூடியில் ஊசித்துளை அளவுக்கு ஒரு துளை அவசியம். மழை நின்றபின் அது சொட்டுச்சொட்டாகக் காலியானால்தான் அடுத்த மழைக்குத் தயாராக இருக்கும். அந்தத் துளைதான் அடிக்கடி அடைபடும். அடிமூடியைத் திருகிக் கழற்றும்படி வையுங்கள்.

வழிந்தோடும் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு?

உள்ளே தண்ணீர் கொண்டுவரும் குழாய் எவ்வளவு அகலமோ, வெளியேறும் குழாயும் அதே அகலம் இருக்க வேண்டும். இரண்டரை அங்குலக் குழாயில் வருகிற தண்ணீர் அரை அங்குல ஹோஸில் போய்விடும் என்று எதிர்பார்ப்பது வீண். மேலே சொன்ன கூரையில் மணிக்கு 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர் வந்துகொண்டிருக்கும். சிறு குழாய் அதைத் தாங்காது. மூடியின் வழியே பொங்கி, பீப்பாயின் அடிவாரத்திலேயே கொட்டும். அது மேடையை அரிக்கும், வீட்டின் அஸ்திவாரத்தருகே மண்ணை ஊறவைக்கும். மழைநீரைச் சேமிக்கப் போய் வீட்டுக்குச் சேதம் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வழியும் குழாயை அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 2 மீட்டராவது தள்ளி, சரிவு வீட்டை விட்டு விலகிப் போகும் பக்கம் விடுங்கள். மரத்தடிப் பாத்தி, கூழாங்கல் நிரப்பிய குழி, நிலத்தடி நீர் ஊட்டும் கிணறு ஆகியவற்றில் எது இருந்தாலும் நல்லது. பக்கத்து வீட்டுக்காரரின் சுவருக்கோ பொது நடைபாதைக்கோ தள்ளிவிடாதீர்கள். அப்படி எந்த வழியும் இல்லாத இடம் என்றால், பீப்பாய் நிறைந்ததும் தண்ணீரைப் பழைய இறக்கக் குழாய்க்கே திருப்பியனுப்பும் திசைமாற்றி ஒன்றைப் பொருத்துங்கள். என்னைக் கேட்டால், இடம் குறைவான வீடுகளுக்கு அதுதான் சிறந்தது.

இரண்டு மூன்று பீப்பாய்களை இணைப்பது எப்படி?

எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைத்து, அடிப்பகுதியில் குழாயால் இணைத்தால் எல்லாவற்றிலும் தண்ணீர் ஒரே உயரத்துக்கு ஏறும், ஒரே குழாயில் எல்லாவற்றையும் காலி செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு வால்வு வைத்தால், ஒன்று கசிந்தால் மற்றவை காலியாகாமல் பிரித்துவைக்கலாம். மேல்பகுதியில் இணைத்தால் ஒன்று நிறைந்தபின் அடுத்தது நிறையும். இதில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய் வேண்டும். அடியில் இணைப்பதையே பரிந்துரைப்பேன், ஆனால் இணைக்கும் குழாய் ஒல்லியாக இருந்தால் முதல் பீப்பாய் வழியும்போது இரண்டாவது பாதிதான் நிறைந்திருக்கும். கடைசிப் பீப்பாயில் மட்டுமல்ல, முதலாவதிலும் வழியும் குழாய் வையுங்கள்.

கொசு வராமல் எப்படித் தடுப்பது?

இதை அலட்சியம் செய்வதாக இருந்தால் பீப்பாயே வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்பி முட்டையிடுவது இப்படிப்பட்ட வீட்டுப் பாத்திரங்களில்தான். வெப்பமான பருவத்தில் முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும்.

ஏடிஸ் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை தண்ணீர் வற்றிய பிறகும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் ஏறி நனைந்ததும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. உட்சுவரை நார்த் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நுழைவாயில், வழியும் குழாயின் வாய், காற்றுத்துளை ஆகிய எல்லாவற்றுக்கும் 1 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத வலை வேண்டும். நுழைவாயிலை மட்டும் மூடிவிட்டு வழியும் குழாயை மறந்துவிடுகிறார்கள். கொசு அதன் வழியே சாதாரணமாக உள்ளே போய்விடும். துருப்பிடிக்காத எஃகு வலையாக இருந்தால் வெயிலில் இற்றுப்போகாது. நுழைவாயில் வலைக்கு மேலே பெரிய கண் கொண்ட இன்னொரு சல்லடையை வைத்துச் சருகை அங்கேயே தடுத்துவிடுங்கள். வலையில் சருகு அப்பினால் அதன் மேலேயே தண்ணீர் தேங்கும்.

மூடியையும் கவனியுங்கள். பல டிரம்களில் மேல்முகம் விளிம்பைவிட இரண்டு விரல்கடை பள்ளமாக இருக்கும். மழை பெய்ததும் அந்தப் பள்ளத்தில் தேங்கும் ஒரு குவளைத் தண்ணீரே கொசுவுக்குப் போதும். உள்ளே வலை போட்டுப் பாதுகாத்துவிட்டு மூடியின் மேல் கொசு வளர்க்கும் வீடுகள் ஏராளம். விளிம்பில் ஒரு சிறு வடிதுளை போட்டால் தீர்ந்தது.

வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கள் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சமோ நிழலோ பட்டதும் நெளிந்து அடியில் இறங்கும். ஆகவே திறந்த நொடியிலேயே பார்க்க வேண்டும். புழு இருந்தால் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு உட்சுவரைத் தேயுங்கள். மண்ணில் விழுந்த புழு செத்துப்போகும், ஆனால் சாக்கடையில் ஊற்றாதீர்கள். உடனே காலி செய்ய முடியாவிட்டால் பி.டி.ஐ. எனப்படும் நுண்ணுயிரி மருந்து வில்லையாகவும் பொடியாகவும் கிடைக்கிறது. அது கொசுப்புழுவை அழிக்கும். மனிதருக்கும் செடிகளுக்கும் தீங்கு செய்யாது. பொட்டலத்தில் உள்ள அளவையே போடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது பழைய வழக்கம், செடிக்குப் போகும் தண்ணீரில் அது வேண்டாம்.

தண்ணீர் நாறுகிறது, என்ன செய்வது?

அழுகிய முட்டை வாடை அடித்தால், அடியில் சருகும் வண்டலும் காற்றில்லாமல் அழுகுகின்றன என்று பொருள். மேலே எதையாவது கலந்து வாடையை மறைக்க முயல வேண்டாம். காலி செய்து, அடியில் உள்ள கசடை வாரியெடுத்து, தேய்த்துக் கழுவி ஒருநாள் வெயிலில் கவிழ்த்துவையுங்கள். வாரியெடுத்த கசடு செடிக்கு நல்ல உரம்தான். பிளீச் பயன்படுத்தினால் நன்றாக அலசுங்கள். பிளீச்சையும் வினிகர் போன்ற அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும்.

பச்சையாக இருந்தால் வெளிச்சம் எங்கோ புகுகிறது. அதை அடையுங்கள். பாசி கலந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதில் தவறில்லை.

இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கூடாது. மழை தூய்மையாகத்தான் விழும், கூரை அப்படி இல்லை. பறவை, அணில் எச்சங்களிலிருந்து சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற நோய்க்கிருமிகள் வரக்கூடும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். பழைய பெயின்டிலிருந்தும் இணைப்புத் தகடுகளிலிருந்தும் கரைந்த ஈயம் அப்படியே இருக்கும். சமையல், பல் துலக்குவது, காய்கறி கழுவுவது எதற்கும் எடுக்க வேண்டாம். குழாயின் மேல் "குடிநீர் அல்ல" என்று அழியாத எழுத்தில் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தினருக்குத் தெரியாது.

காய்கறிச் செடிகளுக்கு ஊற்றலாமா?

ஊற்றலாம், வேரடி மண்ணில். இலை மேல், அதிலும் பச்சையாக உண்ணும் கீரைகளின் மேல் தெளிக்க வேண்டாம். பறித்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கல்நார்க் கூரை, தார்ப்பூச்சுள்ள கூரை, ரசாயனம் ஏற்றிய மரக்கூரை ஆகியவற்றின் தண்ணீரைப் பூச்செடிகளோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. புதிதாக வண்ணமோ நீர்க்காப்புப் பூச்சோ அடித்த கூரையாக இருந்தால் முதல் சில மழைகளைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள்.

செடிகளைப் பொறுத்தவரை இது அருமையான தண்ணீர். உப்பு மிகக் குறைவு, குளோரின் இல்லை. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும் பூத்தொட்டிகளுக்கு இதை ஊற்றினால் அந்த உப்பும் கரைந்து இறங்கும். துணிக்கும் வாகனத்துக்கும்கூட நல்லது. சோப்பு நன்றாக நுரைக்கும், காய்ந்தபின் கறை நிற்காது.

பீப்பாயிலிருந்து சொட்டுநீர்ப் பாசனம் செய்யலாமா?

ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். கடைகளில் விற்கும் சொட்டுவான்களில் பெரும்பாலானவை 1 பார் அளவுக்கு எதிர்பார்ப்பவை. ஆகவே புவியீர்ப்பில் ஓடும் குறைந்த அழுத்தச் சொட்டுவான் என்று கேட்டு வாங்குங்கள், குழாய் நீளத்தைக் குறைவாக வையுங்கள், வடிகட்டி கட்டாயம். தெளிப்பான் எதுவும் வேலை செய்யாது. சிறு பம்பு வைத்தால் எல்லாம் ஓடும். ஆனால் அந்தக் குழாயை வீட்டுக் குடிநீர்க் குழாயோடு எந்தக் காரணத்துக்காகவும் இணைக்காதீர்கள். வால்வு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஒருநாள் அது தேய்ந்தால் பீப்பாய்த் தண்ணீர் குடிநீரில் கலந்துவிடும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் என்ன கவனம் தேவை?

பூட்டக்கூடிய மூடி, ஆடாத மேடை, ஏறி நிற்க உதவும் பெட்டியோ நாற்காலியோ அருகில் இல்லாமை. இந்த மூன்றும் இல்லாவிட்டால் பீப்பாயை அமைக்காதீர்கள். பூனை, அணில் போன்றவையும் திறந்த பீப்பாயில் விழுந்து ஏற முடியாமல் செத்துப்போகும்.

என்னென்ன பராமரிப்பு, எப்போது?

வாரத்துக்கு ஒருமுறை சல்லடையில் உள்ள சருகை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பது, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மேடை அமிழ்ந்திருக்கிறதா, வழியும் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. மாதம் ஒருமுறை முதல்மழைக் குழாயின் அடிமூடியைக் கழற்றிக் கசடை எடுப்பது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் முழுதாகக் கழுவுவது. கூரையையும் தாழ்வாரக் கால்வாயையும் பெருக்கி வைத்தால் மற்ற வேலைகள் பாதியாகிவிடும்.

கடுங்குளிர் வரும் இடங்களில் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். பீப்பாயும் குழாயும் வெடித்துவிடும். உறைபனிக்கு முன்பே காலி செய்து, குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்துவையுங்கள்.

பல நாட்கள் வெளியூர் போக வேண்டியிருந்தால்?

தண்ணீரை முழுதாகச் செடிகளுக்கு விட்டுவிடுங்கள். கூரைத் தண்ணீரைப் பழைய இறக்கக் குழாய்க்கே திருப்பிவிட்டு, பீப்பாயின் அடிக்குழாயைத் திறந்தே வையுங்கள். குழாய்க்குக் கீழே எஞ்சும் கொஞ்சம் தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்து மூடியை இறுக்குங்கள். திரும்பி வந்ததும் உட்சுவரை ஒருமுறை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மறுபடி தண்ணீரைத் திருப்ப வேண்டும்.